கொலை செய்தவள் தாய்தானா?

தருமபுரிச் சீமையிலே வத்தல்மலை. கொண்டை ஊசி வளைவுகள் பல கடந்து ஏறினால் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். சாமையும் காப்பியும் விளையும் நிலம். தலைமுறை தலைமுறையாய்க் கால்நடையாக ஏறி இறங்கிய மக்களுக்கு இன்று சாலை உண்டு. அச்சாலை வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுமி, பூப்பெய்திய பின்னரும் செல்வாளா? இந்த வினாவோடுதான் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற சிறுகதையை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

கதையின் சிறுமிக்குப் பதின்மூன்று வயது. தாய் ஊரில் இல்லாத வேளையில் உடல் மாறுகிறது. சுற்றியிருப்போர் விளக்கவில்லை, விலக்குகின்றனர். தாய் வருவாள், தழுவுவாள், தெளிவு தருவாள் என்று காத்திருக்கிறாள் குழந்தை. வந்த தாயோ, இதற்கென்ன அவசரம், இனி இதுவும் ஒரு பாரம் என்ற பொருள்படச் சுடுசொல் வீசுகிறாள். மாண்டது உயிரன்று, குழந்தை நெஞ்சில் குடியிருந்த தாயின் உருவம்!

தாயைத் தூற்றிவிட்டு நூலை மூடுவோர் பலர். அவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டவர்கள் என்போம். அத்தாய் எங்கிருந்து திரும்புகிறாள்? உறவுப் பெண்ணைப் பார்க்க வந்தவன், கறுப்பு என்று தள்ளிவிட்ட வீட்டிலிருந்து. தன் மகளும் கறுப்பு. மகளின் பூப்பிலே அவள் கண்டது மலர்ச்சியன்று. நாளைய மணச்சந்தையில் நிற்கப்போகும் இன்னொரு பெண். கத்தி தாயின் கையில். தீட்டிக் கொடுத்தது யார்? ஆசிரியர் அதை உரக்கச் சொல்லவில்லை. அதுவே கதையின் வலிமை. அவசர வாசகரிடம் அதுவே அதன் ஆபத்தும்.

பருவமாற்றம் உடலின் செய்தி. அது உள்ளத்துக்கு உரமாவதும் ஊறாவதும் ஊரார் உரைக்கும் சொல்லைப் பொறுத்தது. 1950இல் கலிபோர்னியாவில் மேரி கவர் ஜோன்ஸும் நான்சி பேலியும் சிறுவர்களை ஆராய்ந்து கண்டதும் இதை ஒட்டியதே: முந்தி வளர்ந்தவனைப் பெரியவனாய் மதித்தனர், பிந்தியவனைச் சிறுபிள்ளையாய் நடத்தினர், அவ்வாறே அவர்கள் நடையும் அமைந்தது. நம் நாட்டிலோ, பச்சை ஓலைக் குடிசையில் பெண்ணை ஒதுக்குவதும், பின் ஒலிபெருக்கி முழங்க மஞ்சள் நீராட்டுவதும்! கூசி ஒடுங்கும் குழந்தையின் படத்தைத் தெருமுனைப் பதாகையில் பார்க்கும்போது நமக்கே கூசுகிறது.

1929 செங்கற்பட்டு மாநாடு பெண்ணின் மணவயது பதினாறைக் கடக்கவேண்டும் என்றது. அவ்வாண்டின் சாரதா சட்டம் பதினான்கு என்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டமோ பதினெட்டு என்கிறது. சட்டம் ஆண்டை எண்ணுகிறது; வீடோ பூப்பை எண்ணுகிறது. குழந்தை மணம் தடுக்கப்பட்டது என்ற செய்தி தருமபுரிப் பக்கமிருந்து வருவது இன்றும் நின்றபாடில்லை. ஓடி விளையாடும் மனம், உடல் முந்திக்கொண்டதால் மனைவியாகிவிடுமோ?

ஒரு குறையும் உண்டு, அது அம்பையினுடையதன்று. குரல் உடைந்து, முகம் மாறி, கேலிக்கு அஞ்சி ஒதுங்கும் சிறுவனைப் பற்றி இத்துணைக் கூர்மையுடன் பேசும் கதையொன்று தமிழில் உண்டா என்று அலமாரியைத் துழாவினோம். உடனே கைக்கு எட்டவில்லை.