பிறிது மொழிந்த பெட்டி: ‘ட்வைலைட் ஸோன்’ தொடரின் நிலைபேறு

வண்டியில் ஏற்றப்படுவது மயிற்பீலியே ஆயினும், அளவு மிஞ்சினால் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் ஓரிடத்தில் கூறுகின்றார். அது வண்டிக்காரர்க்குக் கூறிய அறிவுரையன்று என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான். ‘வலியறிதல்’ அதிகாரத்தில் நிற்கும் அக்குறள், எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலிய வேந்தனும் வீழ்வான் என்பதை, வேந்தனையோ பகைவரையோ பெயர் சொல்லாமலே உணர்த்திவிடுகின்றது. கருதிய பொருளை மறைத்து, அதனை ஒத்த வேறொன்றைச் சொல்லி, கேட்பவன் தானே உண்மையைக் கண்டுகொள்ளச் செய்யும் இம்முறையைத் தண்டியலங்காரம் ‘ஒட்டு’ என்று வழங்கும். ‘பிறிது மொழிதல்’ என்பது நமக்குப் பழகிய பெயர்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தவன் அணியிலக்கணத்தில் தொடங்குவது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். 1959 அக்டோபர் 2 முதல் 1964 ஜூன் 19 வரை சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய ‘ட்வைலைட் ஸோன்’ என்னும் தொடர் 156 கதைகளைக் கொண்டது. ஒரு கதைக்கும் மறு கதைக்கும் தொடர்பில்லை; வாரந்தோறும் புதிய மாந்தர், புதிய களம். நம் தொகைநூல்களிற் போல, தனித்தனிப் பாடல்களை ஒரு நோக்கு ஒன்றாகக் கோத்திருப்பதனால் இதனைத் தொகைத் தொடர் எனலாம். கறுப்பு வெள்ளையில், சிறு செலவில், பெரும்பாலும் அரை மணி நேர அளவில் எடுக்கப்பட்ட இக்கதைகள் இன்றும் காணப்படுகின்றன. ஒரு திரைப்படமும், மூன்று முறை புதுப்பிக்கப்பட்ட தொடர்களும் இதன் பெயரைத் தாங்கி வந்துள்ளன. பொறியியல் வியப்புகள் விரைவில் பழமையாகிவிடும். எதிர்பாராத முடிவும் ஒரு முறைக்கே உதவும். அவ்வாறிருக்க, இக்கதைகள் நிலைத்தமைக்குக் காரணம் யாது? அது பிறிது மொழிதலே என்பது என் துணிபு.

தடையிற் பிறந்த உத்தி

தொடரைப் படைத்தவர் ராட் செர்லிங். 1924இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பிறந்தவர்; இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் களத்தில் பொருதவர்; 1975இல் தம் ஐம்பதாம் வயதில் மறைந்தவர். 156 கதைகளுள் 92 அவர் எழுதியவை. சார்லஸ் போமாண்ட், ரிச்சர்ட் மாத்தெசன் முதலியோர் எஞ்சியவற்றுட் பலவற்றை எழுதினர்.

செர்லிங் தொடக்கத்தில் விண்கலங்களைப் பற்றி எழுதியவர் அல்லர். நடப்பியல் நாடகங்களால் புகழ்பெற்றவர். 1955இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொலையுண்டான். குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் வெள்ளையரே அடங்கிய நடுவர் குழு விடுவித்தது. அந்நிகழ்ச்சி தந்த வேதனையில் செர்லிங் எழுதிய நாடகம் 1956இல் ஒளிபரப்பாயிற்று. ஆனால் விளம்பரம் தருவோரின் அச்சத்தால் அது உருமாறிப் போயிற்று. களம் தென்மாநிலத்திலிருந்து வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. கொலையுண்டவன் பெயரற்ற அயல்நாட்டான் ஆனான். தென்னாட்டை நினைவூட்டும் என்பதற்காகக் கோகோ கோலா புட்டிகள்கூடக் காட்சியிலிருந்து நீக்கப்பட்டன. 1958இல் அதே கருவை மீண்டும் எடுத்தார். அப்போது கதை முந்தைய நூற்றாண்டுக்குத் தள்ளப்பட்டது.

அமெரிக்கச் செனட் சபையைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு நாடகத்திலும் நடப்பு அரசியலைப் பேச இடந்தரப்படவில்லை. அதே கதையை வருங்காலத்தில் நிறுத்தி, உறுப்பினர்களாக இயந்திர மனிதர்களை வைத்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம் என்ற கருத்தை அவரே பின்னர் எழுதினார். அக்கசப்பிலிருந்து பிறந்ததே ‘ட்வைலைட் ஸோன்’.

இம்மட்டில் நின்றால், பிறிது மொழிதல் தணிக்கையை ஏய்க்கும் தந்திரம் என்று மட்டுமே ஆகும். தந்திரம் என்றால், தடை நீங்கியவுடன் அதன் தேவையும் நீங்கியிருக்க வேண்டும். அவ்வாறு நீங்கவில்லை. அதனைக் காட்ட இரு கதைகளை நோக்குவோம்.

எழுத்தரின் கதை

‘டைம் இனஃப் அட் லாஸ்ட்’ என்னும் கதை 1959 நவம்பரில் வெளிவந்தது. லின் வெனபிள் எழுதிய சிறுகதையைத் தழுவியது. ஹென்றி பெமிஸ் ஒரு வங்கி எழுத்தர். தடித்த கண்ணாடி இன்றி அவருக்குப் பார்வை இல்லை. நூல் இன்றி வாழ்வும் இல்லை. பணம் கொடுக்கும் சாளரத்திலும் மறைவாகப் படிப்பார். மேலாளர் கடிந்துகொள்கிறார். மனைவியோ அவருடைய கவிதை நூலின் பக்கங்களைக் கோடு கிழித்துப் பாழாக்குகிறாள். ஒரு நாள் நண்பகலில், படிப்பதற்காகப் பெட்டக அறைக்குள் சென்று அமர்ந்தபோது குண்டு விழுகிறது. உலகம் அழிகிறது; பெமிஸ் மட்டும் எஞ்சுகிறார். தனிமை தாளாமல் உயிரை விடத் துணிந்த வேளையில் பொது நூலகத்தின் இடிபாடு கண்ணிற்படுகிறது. மாதவாரியாக நூல்களை அடுக்கி வைத்து, இனி நேரத்திற்குக் குறைவில்லை என்று மகிழ்கிறார். குனிந்து ஒரு நூலை எடுக்கையில் கண்ணாடி நழுவி விழுந்து நொறுங்குகிறது.

நானும் ஓர் எழுத்தன். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவன். மேசை இழுப்பறையில் நாவலைத் திறந்து வைத்துப் படித்து, மேலதிகாரியிடம் சொல் வாங்கியவன். ஆகவே முதன்முறை இக்கதையைக் கண்டபோது பெமிஸ் பக்கமே நின்றேன். முடிவு எனக்குக் கொடுமையாகப் பட்டது. நூலை விரும்பியது ஒரு குற்றமா என்று சினந்தேன். இக்கதையைக் குறைகூறுவோர் பலரும் இவ்வாறே கேட்கின்றனர்.

ஆண்டுகள் சில கழித்து மீண்டும் பார்த்தபோது ஒன்று உறைத்தது. நூலகம் தென்பட்ட கணத்தில் பெமிஸ் இறந்தோரை மறந்துவிடுகிறார். மேலாளரும் மனைவியும் மட்டுமல்லர். மேலாளரைப் போல் கடியாதவரும், மனைவியைப் போல் வருத்தாதவரும் ஆகிய எல்லோருமே மடிந்தனர். அவர்களுக்காக அவர் அழவில்லை. நானும் அழவில்லை. அவரோடு சேர்ந்து நானும் நூல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நகரத்தின் பிணக்குவியல்மீது நின்றுகொண்டு, ‘அப்பாடா, இனித் தொல்லையில்லை’ என்று மகிழ முடிந்ததே! அம்மகிழ்ச்சிக்கு விழுந்த அடியே அந்தக் கண்ணாடி. நூலை எழுதியவன் ஒருவன், அச்சிட்டவன் ஒருவன். படிக்கும் கண்ணுக்குக் கண்ணாடி தேய்த்துத் தந்தவனும் ஒருவன். அவர்கள் ஒருவரும் இல்லாத உலகில் நூலகம் இருந்தும் பயனில்லை. பிறர் தொல்லை நீங்கினால் போதும் என்று ஏங்குபவன் பிறரின்றி ஒரு வரியும் படிக்க இயலாதவன் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

இதனை அறிவுரையாகச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டு மறந்திருப்பேன். கதை என்னை உடந்தையாக்கிய பின்னரே தீர்ப்பை வழங்கிற்று. அதனால் மறக்க முடியவில்லை.

மேப்பிள் தெரு

1960 மார்ச்சில் வெளிவந்த ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ செர்லிங் எழுதியது. அமைதியான தெருவொன்றில் மாலைப்பொழுதில் வானில் ஏதோ ஒளிர்ந்து செல்கிறது. மின்சாரம் நிற்கிறது; கார்கள் ஓடவில்லை. வேற்றுலகத்தார் மனித உருவில் முன்னரே ஒரு குடும்பத்தை அனுப்பி வைப்பார்கள் என்று படக்கதையில் படித்ததை ஒரு சிறுவன் சொல்கிறான். ஒருவருடைய கார் தானே உறுமி எழுகிறது. எல்லோரும் அவரைச் சந்தேகிக்கின்றனர். இரவில் வானைப் பார்த்து நிற்பவர் ஒருவர், வீட்டில் வானொலி செய்பவர் ஒருவர் என்று ஐயம் வீடு வீடாகத் தாவுகிறது. இருளில் நடந்துவந்த அண்டை வீட்டுக்காரர் சுட்டுக்கொல்லப்படுகிறார். அத்தெரு தன்னைத் தானே அழித்துக்கொள்வதை, விளக்கை அணைத்த வேற்றுலகத்தார் இருவர் குன்றின்மேல் நின்று பார்க்கின்றனர்.

செனட்டர் மெக்கார்த்தியின் பெயரால் அறியப்படும் வேட்டைக்காலம் அமெரிக்கர் நினைவில் பசுமையாக இருந்த நாட்கள் அவை. கதையில் அப்பெயர் இல்லை. இருந்திருந்தால் அவரை வெறுத்தவர் தலையசைத்திருப்பர். விரும்பியவர் பெட்டியை நிறுத்தியிருப்பர். இங்கோ, ‘யார் அந்த வேற்றாள்?’ என்று தெருவாருடன் சேர்ந்து பார்ப்பவரும் தேடுகின்றனர். வானைப் பார்த்தவர் மீது நாமும் ஒரு நொடி ஐயுறுகிறோம். முடிவில் குற்றவாளிக் கூண்டில் நிற்போருள் நாமும் இருக்கிறோம்.

எல்லாக் கதைகளும் இத்தரத்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரமாக நீட்டப்பட்ட நான்காம் பருவக் கதைகள் பல தொய்ந்து நிற்கின்றன. இவ்வகைக் கதை நீளத்தைத் தாங்காது. செர்லிங்குக்குச் சொற்பொழிவாற்றும் ஆசையும் உண்டு. 1964இல் வந்த ‘ஐ ஆம் தி நைட், கலர் மி பிளாக்’ கதையில், தூக்குத்தண்டனை நாளன்று ஓர் ஊரில் பொழுது விடியவில்லை. அருமையான கரு. ஆனால் அவ்விருள் மனிதரின் வெறுப்பே என்பதைப் பாத்திரங்களே விளக்கிவிடுகின்றனர். அதன்பின் பார்ப்பவனுக்கு வேலையில்லை.

புதுப்பித்தவர்கள்

1983இல் ஸ்பீல்பெர்க் உள்ளிட்ட நால்வர் இயக்கிய திரைப்படம், 1985 முதல் 1989 வரை ஒரு தொடர், 2002–03இல் ஒன்று, 2019–20இல் ஜோர்டன் பீல் வழங்கிய மற்றொன்று என இப்பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. இவற்றின் வெற்றி தோல்விகளை அதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

2003இல் மேப்பிள் தெருவைத் திரும்ப எடுத்தனர். அச்சம் இப்போது பயங்கரவாதிகளைப் பற்றியது. 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் அது பொருத்தமான மாற்றமே. ஆனால் குன்றின்மேல் நின்ற வேற்றுலகத்தாருக்குப் பதிலாக, மக்களைச் சோதிக்கும் அரசுப் படையினரை வைத்தனர். சிறு மாற்றம்தான், கதை அங்கேயே உடைந்தது. வேற்றுலகத்தார் என்போர் இல்லாதவர். அவர்கள்மேல் பழிபோட இயலாது. பழி தெருவின்மேல், அதாவது நம்மேல் தங்கும். படையினரோ இருப்பவர். ‘எல்லாம் அரசின் சூழ்ச்சி’ என்று சொல்லிப் பார்ப்பவன் எழுந்து போய்விடலாம். பழியை ஏற்க ஒரு மூன்றாமவன் கிடைத்துவிட்டான்.

மாறாக, 1985 செப்டம்பரில் புதுத்தொடரின் முதல் ஒளிபரப்பிலேயே இடம்பெற்ற ‘எ லிட்டில் பீஸ் அண்ட் கொயட்’ கதையை எண்ணிப் பார்க்க. வெஸ் கிரேவன் இயக்கியது. குடும்பத்தின் ஓயாத இரைச்சலில் நைந்த இல்லத்தரசிக்கு ஒரு பதக்கம் கிடைக்கிறது. அதனை அணிந்து கட்டளையிட்டால் உலகம் அசையாது நிற்கும். அமைதியாகச் சிற்றுண்டி அருந்துகிறாள். போர்ச் செய்திகளைக் காதில் வாங்காமல் தள்ளுகிறாள். இறுதியில் சங்கொலி எழ, அஞ்சி உலகை நிறுத்துகிறாள். வெளியே வந்து பார்த்தால், நகரின்மேல் அணு ஏவுகணை அந்தரத்தில் நிற்கிறது. இனி உலகை இயக்கவும் முடியாது. இயக்காமல் வாழவும் முடியாது. இது பழங்கதையின் மறுபதிப்பன்று. ஆயினும் பெமிஸின் உடன்பிறப்பு. அவர் குண்டு விழுந்த பின் தனித்து நிற்கிறார். இவள் விழுமுன் தனித்து நிற்கிறாள். அவள் கேட்ட அமைதியை நாமும் கேட்டவர்களே. மரபைப் பின்பற்றுதல் என்பது இதுவே.

இப்பெயரைத் தாங்காமலே இவ்வழியில் நடப்பவையும் உண்டு. சார்லி புரூக்கர் 2011இல் பிரிட்டனில் தொடங்கிய ‘பிளாக் மிரர்’ அவற்றுள் தலையாயது. 2016இல் வந்த ‘நோஸ்டைவ்’ கதையில் மனிதர் ஒருவருக்கொருவர் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுக்கொண்டே வாழ்கின்றனர். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் பத்துக்கு எத்தனை என்று காத்திருக்கும் எங்களைப் போன்றோர்க்கு அதில் சிரிக்க இடமில்லை.

தடை நீங்கிய பின்

இறுதியாக ஒன்று. 1956இல் செர்லிங்குக்குச் சொல்ல மறுக்கப்பட்டதை 2019இல் ‘ரீப்ளே’ என்னும் கதை வெளிப்படையாகவே சொல்லிற்று. கறுப்பினத் தாய் ஒருத்தி தன் மகனைக் கல்லூரியில் சேர்க்கக் காரில் அழைத்துச் செல்கிறாள். வெள்ளைக் காவலர் ஒருவர் வழிமறிக்கிறார். அவளிடமுள்ள பழைய ஒளிப்பதிவுக் கருவியைப் பின்னோக்கி ஓட்டினால் காலமும் பின்னோக்கி ஓடும். ஒவ்வொரு முறையும் வேறு வழி செல்கிறாள். பணிந்தும் பார்க்கிறாள், பரிவு காட்டியும் பார்க்கிறாள். அவர் மீண்டும் வந்து நிற்கிறார்.

இனம் மறைக்கப்படவில்லை, காவலரின் சீருடையும் மறைக்கப்படவில்லை. தடை இல்லாதபோது கருவி எதற்கு? கல்லூரி வாயிலில் தாய் உரையாற்றும் இடத்தில் கதை செய்தித்தாளின் தலையங்கம் போல் ஆகிவிடுகிறது. ஆனால் கருவி இயங்கும் இடங்களில் தலையங்கம் தர இயலாத ஒன்றைத் தருகிறது. ‘அவன் இவ்வாறு நடந்திருந்தால் தப்பியிருப்பானே’ என்று இத்தகைய செய்தியைப் படிக்கும்போது நம்மில் எழும் எண்ணத்தை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, ஒவ்வொன்றாகத் தோற்கச் செய்கிறது. ஆண்டுகள் கழித்து அக்கருவியைப் பேத்தி உடைத்துவிடுகிறாள். மகன் பனிக்கூழ் வாங்க வெளியே செல்கிறான். தாயின் முகத்தில் காவல் வண்டியின் ஒளி விழுகிறது. சொற்பொழிவு இல்லை. அவ்வொரு காட்சிக்காகவே புதுத்தொடரை நான் மதிக்கின்றேன்.

ஆகவே பிறிது மொழிதல் வாய் கட்டப்பட்டவனின் உத்தி மட்டுமன்று. கேட்பவன் செவி அடைத்திருக்கும்போதும் அதுவே வழி. நேரே சொன்னால் நாம் பிறரைச் சுட்டிக்காட்டிவிடுவோம்.

இத்தொடரைக் காணாத அன்பர்கள் பெமிஸின் கதையிலிருந்து தொடங்கலாம். அரை மணி நேரத்திற்கும் குறைவே ஆகும். நூலகம் தோன்றும் இடத்தில் திரையைச் சற்றே விட்டுத் தம் உள்ளத்தைக் கவனிக்குமாறு வேண்டுகின்றேன்.