பக்தாத் விவாதம்: வென்றது இலக்கணமா?

ஹிஜ்ரி 320இல் (கி.பி. 932) பக்தாதில், வஸீர் இப்னுல் ஃபுராத்தின் அவையில், அபூ ஸயீத் அஸ்ஸீராஃபீக்கும் மத்தா இப்னு யூனுஸுக்கும் நடந்த விவாதத்தை, இலக்கணம் தர்க்கத்தை வென்ற நிகழ்ச்சியாகவே பலர் கருதுகின்றனர். இம்முடிவை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

சரியான பேச்சைப் பிழையானதினின்று பிரித்தறியும் தராசே தர்க்கம் என்றார் மத்தா. கிரேக்க மொழிவழக்கில் பிறந்த அக்கலை அரபியரை எவ்வாறு கட்டுப்படுத்தும் என வினவினார் ஸீராஃபீ. 'ஸைத் தம் சகோதரர்களுள் சிறந்தவர்' என்பது பிழை; 'சகோதரர்களுள் சிறந்தவர்' என்பதே சரி என்றும் காட்டினார். ஒருவர் தமக்குத் தாமே சகோதரர் ஆகாரன்றோ!

கூர்ந்து நோக்கின், இச்சான்று அவருக்கெதிராகவே திரும்புகிறது. தமிழில் பெயர்த்த பின்னும் அம்முரண் நீங்கவில்லை. அது அரபு இலக்கணத்துக்கு மட்டும் உரியதாயின், மொழி மாறியதும் மறைந்திருக்க வேண்டும்.

எனினும் மத்தாவின் கூற்றும் முழுமையன்று. எழுவாயையும் பயனிலையையும் இணைக்கக் கிரேக்கத்திலுள்ள சொல் அரபியில் இல்லை. 'ஸைத் நீதிமான்' எனும் தமிழிலும் இல்லை. அவ்விடத்தை நிரப்ப 'ஹுவ', 'மவ்ஜூத்' ஆகிய சொற்கள் கொண்டுவரப்பட்டதை 'கிதாபுல் ஹுரூஃப்' நூலில் அல்ஃபாராபீ விளக்குகிறார். இலக்கணம் ஒரு சமூகத்தாரின் சொற்களுக்கும், தர்க்கம் எல்லாச் சமூகத்தாரின் சொற்களுக்கும் பொதுவான விதிகளைத் தருகிறது என 'இஹ்ஸாஉல் உலூம்' நூலில் வரையறுத்தவரும் அவரே.

விவாதத்தைப் பதிவுசெய்த அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ, ஸீராஃபீயின் மாணவர். அதில் மத்தாவின் குரல் தாழ்ந்தே ஒலிப்பதில் வியப்பில்லை.

'வுஜூத்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தவுடன் அதன் பொருளும் வந்து சேர்ந்ததென நாம் எண்ணலாகாது. அச்சொல்லின் பின்னே இரு மொழிகளின் வழக்கு நிற்கிறது.