மாணவர் கூச்சலும் மாசுதானா?

தன் தெருவில் அடுக்குமாடி வருவது பிடிக்காத கலிஃபோர்னிய வீட்டுக்காரர் முதலில் தேடுவது வழக்கறிஞரை. அவருக்குக் கைகொடுப்பது 1970இல் வந்த மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டம். அரசின் அனுமதி தேவைப்படும் தனியார் கட்டுமானங்களையும் அது கட்டுப்படுத்தும் என்று 1972இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமத் என்ற மலையூரில் குடியிருப்பு வளாகம் ஒன்றை எதிர்த்து அவ்வூர்க்காரர்கள் போட்ட வழக்கு அது.

இந்த வழியின் பலம் பெரியது. சட்டம் கேட்கும் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வரைவாக வெளிவந்ததும் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுப்பலாம். ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் எழுத்துமூலம் பதில் சொல்லியாக வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவின் லாரல் ஹைட்ஸ் பகுதிக்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் தன் மருத்துவ ஆய்வகங்களை மாற்ற முனைந்தபோது, 3,54,000 சதுர அடிக் கட்டடத்தில் ஏறத்தாழ 1,00,000 சதுர அடிக்கு மட்டுமே அறிக்கை தந்தது. மிச்ச இடத்தில் என்ன வரப்போகிறது, ஆய்வகத்தை வேறெங்கும் வைக்க முடியாதா என்று குடியிருப்பாளர்கள் விடாமல் கேட்டார்கள். 1988இல் உச்ச நீதிமன்றமும் அதையே கேட்டது. அவர்கள் வழக்காடியிராவிட்டால் அந்த விவரம் வெளியே வந்திருக்காது.

அதே பல்கலைக்கழகம், பெர்க்லி நகரம். விடுதி கட்டாமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். குறையில் நியாயம் இருந்தது. ஆனால் 2021இல் நீதிமன்றம் சேர்க்கைக்கே உச்சவரம்பு விதித்தது. குறைந்தது 5,100 பேருக்கு இடம் வழங்க முடியாமல் போகும் என்று பல்கலைக்கழகம் அறிவித்த பிறகு, 2022 மார்ச்சில் சட்டமன்றம் அவசரமாகத் தலையிட்டது. சரி, விடுதி கட்டலாம் என்றால் அதற்கும் வழக்கு. மக்கள் பூங்காவில் சுமார் 1,100 மாணவர்களுக்கான திட்டத்தை வேறு அமைப்புகள் எதிர்த்தன. மாணவர் விருந்துகளின் கூச்சலும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராயப்பட வேண்டும் என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. குடியிருப்பவர்களின் சத்தத்தை அப்படிக் கணக்கிடக் கூடாது என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. 2024இல் பல்கலைக்கழகம் வென்றது. மனிதர்கள் குடிவருவதையே மாசாகக் கருதும் இடத்துக்கு ஒரு நல்ல சட்டம் இழுத்துச் செல்லப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த எதிர்ப்பின் அடிப்படைக் குறை, தாமதமே வெற்றியாகிவிடுவது. எதிர்ப்பவர் வழக்கில் தோற்றாலும் கட்டுபவருக்கு வட்டி ஏறுகிறது, பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்காரருக்கோ இழப்பு குறைவு. 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவின்படி, வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடுகள் அரிதாகி விலை எகிறினால் லாபம் அவருக்கு. வரி அந்த வேகத்தில் கூடுவதில்லை. கட்டப்படாத வீட்டில் குடியிருந்திருக்க வேண்டியவர்கள் யாரென்றே தெரியாது, அவர்களுக்காக எந்தக் கூட்டத்திலும் குரல் எழுவதில்லை. சுற்றுச்சூழலைச் சாக்காக்குவது வழக்கோடு நிற்பதில்லை: 2022இல் வுட்சைட் என்ற செல்வந்தர் ஊர், தன் எல்லை முழுவதும் மலைச்சிங்கத்தின் வாழிடம் என்று சொல்லி இரட்டை வீடுகளைத் தடுக்கப் பார்த்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் எச்சரித்ததும் கைவிட்டது.

பொறுமையிழந்த மாநிலம் 2025 ஜூன் 30 அன்று நகர்ப்புற வீட்டுத் திட்டங்கள் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் அன்றே கையெழுத்தான இன்னொரு சட்டம், தொழில் மண்டலங்களில் வரும் நவீன உற்பத்தி ஆலைகளுக்கும் விலக்குத் தந்தது. அந்த மண்டலங்களை ஒட்டி வாழ்பவர்களில் பலர் வசதி குறைந்தவர்கள். லாரல் ஹைட்ஸ்காரர்கள் கேட்ட கேள்விகள் யாரையும்விட இவர்களுக்கே தேவை. வசதி படைத்தவர்கள் விடுதிக்கு எதிராக வீணடித்த உரிமை, ஆலைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு இல்லாமல் போயிருக்கிறது.