வலையும் சாளரமும்

லால்குடிக்குத் தெற்கே கொள்ளிடத்தில் வலை வீசுவோரை நாம் கண்டு பழகியிருக்கிறோம். அவ்வலையைக் கலை என்று எவரேனும் கூறின் நகைப்போம். ஆனால் போர்த்துகலில், போர்ட்டோ நகரையடுத்த மத்தோசினோஸ் கடற்கரையில் 2005ஆம் ஆண்டில் வானில் கட்டப்பெற்ற வலையொன்றை உலகம் கலையென்று போற்றுகிறது. 'அவள் மாறுகிறாள்' என்பது அதன் பெயர். படங்களில் கண்டே அதனை மதிப்பிடுகிறேன்.

அதைப் படைத்தவர் அமெரிக்கக் கலைஞர் ஜானட் எஷெல்மன். 1997இல் ஓவியக் கண்காட்சிக்காக மாமல்லபுரம் வந்த அவருக்கு வண்ணங்கள் உரிய வேளையில் வந்து சேரவில்லை. வெண்கலம் வார்க்க முயன்றார். கனமும் செலவும் தடுத்தன. அந்நிலையில், கரையில் மீனவர் குவித்த வலைகள் அவர் கண்ணில் பட்டன. அவருடைய முதல் வலைச் சிற்பங்கள் அம்மீனவர் துணையால் உருவாயின.

மத்தோசினோஸ் சிற்பத்தைத் தாங்கும் மூன்று எஃகுத் தூண்கள் பாய்மரங்களை நினைவூட்டுகின்றன. செவ்வெண் பட்டைகள் அப்பகுதியின் பழைய ஆலைப் புகைபோக்கிகளைக் குறிப்பன. காற்றில் அசையும் அவ்வுருவை ஊரார் கடற்சாமந்தி என்றழைக்கின்றனர்.

அரபியில் வலைக்கு 'ஷபகா' என்று பெயர். பின்னுதல் அதன் வேர்ப்பொருள். சாளரத்தைக் குறிக்கும் 'ஷுப்பாக்' என்னும் சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. இச்சிற்பத்தில் அவ்விரு பொருளும் கூடுகின்றன: இழை துறைமுக வரலாற்றைப் பிணைக்கிறது; இடைவெளி வானைக் காட்டுகிறது. இதுவே இதன் வெற்றி.

குறையும் உண்டு. இச்சிற்பம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அழியாத செயற்கை இழையால் ஆனது. அத்தகைய மட்காத வலைகளே கடலில் தொலைந்து கிடந்து மீனையும் ஆமையையும் மாய்க்கின்றன. துறைமுகத்தின் உழைப்பைப் பாடிய கலை, கடலின் புண்ணைப் பாடாமல் விட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகேயர் பீரங்கிகளோடு நம் கடற்கரைக்கு வந்தனர். அரபியர் 'மஃபர்' என்றழைத்த அதே கரையின் முடிச்சு, படையின்றி அவர்தம் துறைமுகம் சென்று வானில் ஏறியது. எனினும் உலகறிந்தது கலைஞரின் பெயரை மட்டுமே; முடிச்சிட்ட கைகளுக்குப் பெயரில்லை.

அக்குறையில் நமக்கும் பங்குண்டு. பத்தமடையில் பட்டுப்போல் பாய் நெய்யும் நம் பெண்டிரின் திறனை நாம் பிழைப்பென்கிறோம். அயலார் வியந்தால் கலையென்கிறோம். அயலார் சொல்லும்வரை காத்திராமல், அக்கைகளின் அருமையை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லுவோமாக.