அடுப்பில்லாத மூன்று நாட்கள்

"மூணு நாளுடி. இன்னைக்கு என்ன டிபன், மதியத்துக்கு என்ன கொழம்புன்னு ஒருத்தர்கூட என்னைக் கேக்கல."

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அக்கா, அரியலூர் வீட்டுக் கூடத்தில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சொன்னது இது. மகன் அங்கே வேலை பார்க்கிறான். அம்மா ஓய்வுபெற்றுவிட்டாரே என்று, அம்மாவையும் அப்பாவையும் மூன்று இரவு கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனான். கப்பலில் நீர்ச்சறுக்கு இருந்தது, நாடக அரங்கு இருந்தது, ஒரு மேசை முழுக்கக் கேக் வகைகள் இருந்தன. அதெல்லாம் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது யாரும் எதையும் கேட்காததைப் பற்றி மட்டும்தான். முப்பத்துநான்கு வருடம் பள்ளி ஆசிரியை. அத்தனை வருடமும் காலை நாலரைக்கு எழுந்து இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கட்டிவைத்துவிட்டு எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தவர்.

இந்தக் கப்பல்களைப் பற்றிய என் கருத்து ஏற்கெனவே தயாராக இருந்தது. கடலை நாசமாக்குபவை, உழைப்பைச் சுரண்டுபவை, மிதக்கும் வணிக வளாகங்கள். வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசுவேன். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த இயலாமையிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் கடல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் செம்மண் ஓடைகளுக்குள் நடந்தால் நத்தைபோலச் சுருண்ட கற்கள் காலில் இடறும். கிரெட்டேசியக் காலத்துக் கடலுயிர்கள் அவை. வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பழைய கடலடியில் படிந்த சுண்ணாம்பைத்தான் இன்று அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. கடல்மேல் நடந்து சின்ன வெங்காயம் களை எடுத்தவள் எங்கள் அம்மா. அவள் நிஜக் கடலைப் பார்த்தது ஒரே ஒருமுறை, வேளாங்கண்ணியில். நாங்கள் எல்லோரும் அலையில் நிற்க, அம்மா கரையில் புளிச்சோற்றுத் தூக்குக்கும் செருப்புகளுக்கும் காவல் உட்கார்ந்திருந்தாள். கால் நனைத்தாளா என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் போனதற்குக் காரணம், அப்போது நாங்கள் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான்.

நம் குடும்பச் சுற்றுலா என்பதே அடுப்படியை வேனில் ஏற்றிக்கொண்டு போவதுதானே. ஏற்காட்டுக்குப் போனாலும் பெண்கள் முதல்நாள் இரவு இரண்டு மணிவரை சப்பாத்தி போட வேண்டும். போன இடத்தில் பிள்ளைக்கு வயிறு சரியில்லையென்றால் ரசம் சோறுக்கு வழிதேட வேண்டும். ஆண்களுக்கு இடம் மாறுகிறது, பெண்களுக்கு அடுப்பு மாறுகிறது. ஆகவே, சமையலிலிருந்து முழுதாக விலக்கு தருகிறேன் என்று ஒரு பொருள் சந்தைக்கு வந்தால் அதை விரும்பும் பெண்ணைப் பார்த்து 'நுகர்வு மோகம்' என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? அந்தச் சொல்லை எழுதும் ஆண் விமர்சகர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டில் வாழ்நாள் முழுக்கக் கப்பல் பயணி மாதிரிதான் இருக்கிறார்கள். சாப்பாடு வருகிறது, தட்டு போகிறது, படுக்கை விரிக்கப்படுகிறது.

டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1995இல் கரீபியக் கடலில் ஏழு இரவு இப்படியொரு கப்பலில் போனார். ஹார்ப்பர்ஸ் இதழுக்காக அவர் எழுதிய நீண்ட கட்டுரை, உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத ஒன்றாக ஆகிவிட்டது. அதில் எனக்கு மறக்காத பகுதி, அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணைப் பற்றியது. அரைமணி நேரத்துக்கு மேல் அவர் வெளியே போனால் அறை சுத்தமாகிவிடுகிறது. அதற்குள் திரும்பினால் ஆகவில்லை. எப்படித் தெரிகிறது அவர்களுக்கு? ஒளிந்து நின்று பார்க்கிறார், நேரத்தை மாற்றிப் பார்க்கிறார், அந்தப் பெண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை. குற்றவுணர்வைத் தராத ஓர் அம்மா கிடைத்தாற்போல முதலில் இருக்கிறது அவருக்கு. பிறகு, அன்பில்லாமல் செய்யப்படும் இந்தக் கவனிப்பு ஒரு பயத்தைத் தருகிறது.

மிக நேர்மையான கட்டுரை. ஆனால் பத்துப் பக்கம் தள்ளிப் போனபிறகும் அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்தத் தளத்தில் தூங்குகிறாள் என்பதைவிட, அவள் கவனிப்பு தன் மனதை என்ன செய்கிறது என்பதே அவருக்குப் பெரிய புதிராக இருக்கிறது. அவளை ஒரு மர்மமாக ஆக்குவதும் அவளைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழிதான்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "அந்தப் புள்ள வர்றதுக்குள்ள நானே படுக்கையத் தட்டி விரிச்சிருவேன். கடைசி நாளு பாத்தா, நான் நாற்காலில போட்டிருந்த பொடவைய எடுத்து அழகா மடிச்சு வச்சிருக்கு. எனக்கு என்னமோ போலாயிருச்சு. எம் பொடவைய இன்னொருத்தர் மடிச்சு நான் பாத்ததேயில்ல." மாமா அந்த அறையில்தான் இருந்தார். அவருக்கு எதுவும் போலாகவில்லை.

வாலஸ் ஒளிந்து நின்று அந்தப் பெண்ணைப் பிடிக்கப் பார்த்தார். அக்கா அவளுடைய வேலையில் பாதியைச் செய்துவைத்தார். இரண்டு பேரும் பணம் கொடுத்த பயணிகள். இந்த வித்தியாசத்தை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. பழக்கம்தான் அது, விடுமுறையிலும் கையை விட்டுப் போகாத பழக்கம். ஆனாலும் அந்தக் கப்பலில் யார் யாரைப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி என்னிடம் இல்லை.

தமிழ் சினிமாவில் உல்லாசக் கப்பல் என்றால் மாணவிகளுக்கு உடனே நினைவுக்கு வருவது 'மன்மதன் அம்பு'. 2010 டிசம்பரில் வந்தது. கமல்ஹாசன் எழுதி கே.எஸ். ரவிக்குமார் இயக்கியது. நடிகை நிஷா ஓய்வுக்காகத் தன் தோழி தீபாவுடன் மத்தியதரைக் கடல் பயணம் போகிறாள். தீபா விவாகரத்தானவள், இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டு பெண்கள் ஆண் துணையில்லாமல் கப்பலேறும் காட்சி நம் வணிக சினிமாவில் எத்தனை அரிது! ஆனால் அவள் கப்பலேறுவதற்கு முன்பே அவளை வேவு பார்க்கும் ஆள் ஏற்பாடாகிவிட்டது. மணக்கப்போகும் தொழிலதிபர் மதனகோபால், மேஜர் மன்னாரை அவள் பின்னால் அனுப்புகிறார். அவள் எங்கே உட்கார்கிறாள், யாரிடம் சிரிக்கிறாள் என்று தொலைபேசியில் அறிக்கை போகிறது. அவளிடம் தப்பே இல்லை என்று மன்னார் சொன்னதும் மதனகோபால் பணம் தர மறுக்கிறார். நண்பனின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். ஆகவே மன்னார் ஒரு பொய்க் காதலனை உருவாக்கிச் சொல்கிறார். பெண் ஒழுக்கமாக இருந்தால் சந்தை மதிப்பில்லை, பழி வந்தால்தான் காசு. படம் இதை நகைச்சுவையாகச் சொல்கிறது. நான் இதைப் படத்தின் மிகக் கூர்மையான அவதானிப்பாகவே வாசிக்கிறேன், படம் அப்படி எண்ணியதோ இல்லையோ. கணவனாக வருகிறவனிடம் ஒரு பெண் எதிர்பார்ப்பதைச் சொல்லும் கவிதை ஒன்றும் அதில் இருந்தது. மத அமைப்புகள் எதிர்த்ததால் அது நீக்கப்பட்டது. கப்பல் முழுக்க வேவு பார்த்ததை யாரும் எதிர்க்கவில்லை.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "மேம், இவ்ளோ பெரிய கப்பல்ல வேலை பாக்குறவங்க எல்லாம் எங்க?" அவள் அண்ணன் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலில் சமையல்கூட உதவியாளனாக இருக்கிறான். ஒன்பது மாத ஒப்பந்தம். அவன் அனுப்பிய படங்களில் கடலே இல்லை, மேம், எல்லாம் ஜன்னலில்லாத அறை என்றாள்.

கேள்விக்குப் பதில் சொல்கிறேன். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' 365 மீட்டர் நீளம், 20 தளம். நிரம்பினால் 7,600 பயணிகள். அவர்களுக்கு 2,350 ஊழியர்கள். அமெரிக்கர்கள் ஏறும் அந்தக் கப்பல் பஹாமாஸ் கொடியில் ஓடுகிறது. கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் சட்டம்தான் கப்பலுக்கு முதன்மை. வரியும் தொழிலாளர் சட்டமும் எங்கே இளகியிருக்கின்றனவோ அங்கே போய்ப் பதிந்துகொள்வது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. கழித்துப் பாருங்கள், மீதி 91 மணி நேரம். பாதுகாப்புச் சட்டமே அனுமதிக்கும் அளவு அது. வேலை நேரத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வழியை ஒரு நாடு தேர்ந்தெடுத்தால் 72 மணி.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 3,711 பேர் இருந்த கப்பலில் எழுநூறுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஊழியர்கள் சமைத்துக் கதவு கதவாகச் சாப்பாடு கொண்டுபோனார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். பயணிகளாக இருந்த இந்தியர்கள் ஆறு பேர். தனிமைப்படுத்தல் யாருக்கு உரிமை, யாருக்கு வேலை என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரைபடம் வேண்டியதில்லை.

மேலே பெண் கேப்டன்கள் வந்துவிட்டார்கள், உண்மைதான். ஸ்வீடனின் காரின் ஸ்டாரே-ஜான்சன் 2007இல் ஒரு பெரும் உல்லாசக் கப்பலின் முதல் பெண் கேப்டனானார். எனக்கும் மகிழ்ச்சி. விளம்பரங்கள் அந்தத் தளத்தோடு நின்றுவிடுகின்றன.

அக்கா இன்னொன்றும் சொன்னார். ராத்திரி பதினோரு மணிக்கு, மாமா தூங்கியபிறகு, மேல்தளத்தில் தனியாக நடந்தாராம். அறுபது வயதில் முதல்முறை. நானும் அதைக் கேட்டுப் பொறாமைப்பட்டேன். பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் எட்டரை மணிக்குமேல் நின்றாலே யாராவது 'எங்கம்மா போவணும்' என்பார்கள். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கும் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. அமெரிக்கா 2010இல் கப்பல் பயணிகள் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது. அறைக்கதவில் உளவுத்துளை, பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிக்கப் பயிற்சிபெற்ற மருத்துவர், குற்றங்களின் எண்ணிக்கையை வெளியிடும் கட்டாயம் எல்லாம் அதில் உண்டு. வெளியாகும் அந்தப் பட்டியலில் பாலியல் வன்முறைதான் முன்னணியில் நிற்கிறது. நடுக்கடலில் காவல் நிலையம் இல்லை. நிறுவனத்தின் பாதுகாவலர்தான் முதல் விசாரணை அதிகாரி. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அந்த நடையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

கழிவைப் பற்றி ஒரு வரி. கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் சுத்திகரிக்காத சாக்கடையைக்கூட விதிகளுக்கு உட்பட்டுக் கடலில் விடச் சர்வதேச உடன்படிக்கை இடம் தருகிறது. தட்டு போன இடத்தை யாரும் கேட்பதில்லை, வீட்டிலும்.

நம் பக்கத்துக் கப்பல் 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. (முகஸ்துதி பேசமாட்டேன் என்று சொத்தை இழந்த லியர் அரசனின் கடைசி மகள்தான் கார்டிலியா. அவள் பெயரில் உல்லாசக் கப்பல்! யார் வைத்தார்களோ.) சூதாட்டக் கூடம் குறித்து எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரியில் அதை நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. சூது, குடி, பண்பாடு என்று நாளெல்லாம் விவாதம் நடந்தது. கப்பலின் உள்ளே பாத்திரம் கழுவுகிறவரின் வேலை நேரம் பற்றி அந்த விவாதத்தில் நான் எதுவும் கேட்கவில்லை.

அதே முதலமைச்சர் பதவியேற்ற 2021 மே மாதத்தில் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பேருந்து என் மாணவியைக் குன்னத்திலிருந்து கல்லூரிக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அவள் சமைத்துவிட்டுத்தான் ஏறுகிறாள். கப்பல் அக்காவின் சமையலை நிறுத்தியது. அதற்கு வேறொரு தாயின் பிள்ளை ஜன்னலில்லாத அறையில் தூங்க வேண்டியிருக்கிறது. நான் கேட்பது மூன்றாவது ஒன்று. கடலுக்குப் போகாமல், காசு கொடுக்காமல், வீட்டிலேயே அடுப்பு கைமாறுவது. அது எந்தச் சுற்றுலா நிறுவனத்திடமும் விற்பனைக்கு இல்லை.

போன மாதம் அக்கா தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை இனி சமைப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். முதல் ஞாயிறு மாமா கடையில் பரோட்டா வாங்கி வந்தார். இரண்டாம் ஞாயிறு உப்புமா கிண்டினார், கட்டி கட்டியாக. மூன்றாம் ஞாயிறு, பாத்திரம் தேய்க்க வரும் அம்மா வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்: "ஞாயித்துக்கெழம ஏனமே விழலயே டீச்சர், நான் வரணுமா? வரலன்னா காசப் புடிப்பீங்களா?"

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"புடிக்கமாட்டேன், நீ வராத, வூட்ல கெடந்து தூங்குன்னேன். அதுக்கு அவ சிரிக்கிறா. எங்க வூட்ல யாரு டீச்சர் ஆக்குவாங்கங்கிறா."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அக்கா, மாமா உப்புமாவுக்கு எவ்வளவு தண்ணீர் வைத்தார் என்று சொல்ல ஆரம்பித்தார்.