அலசல் என்ற சொல்லும் நமது விமர்சனமும்

நூல் விமர்சனங்களுக்கு ‘ஓர் அலசல்’ என்று தலைப்பிடுவது நமது சஞ்சிகைகளில் வழக்கமாகிவிட்டது. பத்து வருடங்களுக்கு முன் நண்பரொருவரின் கவிதைத் தொகுதி பற்றி எழுதியபோது நானும் அப்படித்தான் தலைப்பிட்டேன். அச்சொல்லின் பொருளை அன்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

கழுவுதல், அலம்புதல், அலசுதல் மூன்றும் ஒன்றல்ல. கையைக் கழுவுகிறோம், பாத்திரத்தை அலம்புகிறோம், சவர்க்காரம் போட்டுத் தோய்த்த உடுப்பை அலசுகிறோம். அலசும்போது அழுக்கு மட்டும் போவதில்லை. நாம் பூசிய சவர்க்காரமும் போகிறது. நுரை தங்கினால் உடுப்பு விறைத்துவிடும்.

இதே சொல் ஆராய்தலுக்கும் வழங்குகிறது. பிரச்சினையை அலசுகிறோம், தேர்தல் முடிவுகளை அலசுகிறோம். இவ்விரு பொருளும் ஒன்றாவதை எங்கள் கரையில் காணலாம். கொட்டியாரக்குடாவில் தொழில் முடித்து வருபவர் வலையைத் தண்ணீரில் அலசுவார். பாசியும் சேறும் போகும்போதே கிழிசலும் கண்ணில் படும். பிறகுதான் பொத்துவார்.

தேடுதல் வேறு. யுத்த காலத்தில் சுற்றிவளைப்புத் தேடுதல் முடிந்த வீட்டில் ஒரு சாமானும் இருந்த இடத்தில் இராது. அது கிளறுதல். 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் கிண்ணியாவிலும் மூதூரிலும் சேற்றிலிருந்து எடுத்த சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் நம்மவர்கள் மெல்ல அலசினார்கள். கை சற்று அழுத்தினால் எழுத்தே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விமர்சகனுக்கு வேண்டியதும் அந்தக் கைதான்.

எனது கட்டுரையிலோ நுரை மட்டுமே இருந்தது. ‘மண்வாசனை’ என்றேன், ‘காத்திரமான வரவு’ என்றேன். தொகுதியிலிருந்த கடற்கோள் கவிதைகள் எல்லாவற்றிலும் கடல் ‘அரக்கி’யாகவே வந்தது. அந்தக் கடலுக்கே மீண்டும் தொழிலுக்குப் போன வாப்பாமார் ஒருவர்கூட அதை அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. கிழிசல் எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. நட்புக் கெடுமென்று பயந்தேன்.

இரண்டாவது தொகுதியிலும் அரக்கி வந்தாள். வெளியீட்டு விழாவில் இளம் வாசகர் ஒருவர் எழுந்து அதைச் சுட்டிக்காட்டினார். விழா முடிந்ததும் நண்பர் என்னிடம் வந்து, “அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே மச்சான்” என்றார். அவருக்குக் கோபமில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

புகழ்வது தவறல்ல, தோய்க்கச் சவர்க்காரம் வேண்டும். ஆனால் அதை அலசாமல் கொடியில் போட்டுவிட்டு ‘அலசல்’ என்று பெயரிடுவது அந்தச் சொல்லுக்கும் எழுதியவருக்கும் செய்யும் அநீதி. இனி அத்தலைப்பை இடுமுன் கிழிசலைக் காட்டினேனா, எழுத்து அழியாமல் காட்டினேனா என்று என்னையே கேட்டுக்கொள்ள எண்ணியிருக்கிறேன்.