ஆழ்கடல் படகுக்குச் சாட்டிலைட் போன் வேண்டுமா?

ஒக்கி புயலுக்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் ஓங்கி ஒலித்த கோரிக்கை, ஆழ்கடல் படகுகளுக்குச் சாட்டிலைட் போன் வேண்டும் என்பது. 2017 நவம்பர் 30 காலையில்தான் ஒரு தாழ்வு மண்டலம் ஒக்கி புயலாக வலுத்தது. கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு முன்பே போயிருந்தவர்கள் எந்தச் செய்தியும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தமிழகத்திலும் கேரளத்திலுமாக 300க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். இத்தனை துயரத்துக்குப் பின் வந்த கோரிக்கையை உடனே ஆதரிக்கவே மனம் சொல்லும். ஆனால் அந்தக் கருவியால் எது ஆகும், எது ஆகாது என்று கறாராகப் பார்ப்பதுதான் அந்தக் குடும்பங்களுக்குப் பயன்படும்.

படகில் ஏற்கெனவே இருப்பது வயர்லெஸ். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால் பூமியின் வளைவே அதை மறித்துவிடும். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு எட்டுவது சில கடல்மைல்கள்தான். கரையில் உயரமான கோபுரம் இருந்தால் தூரம் கொஞ்சம் கூடும். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவுக்கு அப்பாலும் போகும் தூத்தூர்ப் படகுக்குக் கரையோடு பேச அது உதவாது.

சாட்டிலைட் போன் அந்தத் தூரத்தை ஒரேயடியாகத் தாண்டுகிறது. இந்தியாவில் பிஎஸ்என்எல் வழங்கும் சேவை, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்மார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக நடக்கிறது. நம் கடல் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அவை வானில் நல்ல உயரத்தில் தெரியும். மலைப்பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு வரும் மறைப்புத் தொல்லை நடுக்கடலில் இல்லை. நாம் பேசியது போய் மறுமொழி வர அரை நொடி பிந்தும். பதற்றத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டு பேச்சும் குழம்பும் என்பதால் இதற்குப் பழக்கம் வேண்டும்.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. வானம் தெரியாத இடத்தில் இந்தப் போன் ஊமை. மழைக்குப் பயந்து பாலித்தீனில் சுற்றி வீல்ஹவுஸ் பெட்டியில் வைத்திருக்கும் போனுக்குக் கரையிலிருந்து எத்தனை முறை அழைத்தாலும் மணி அடிக்காது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்தாலும் அதே கதி. தேவைப்படும்போது நாம் அழைக்கும் கருவியாக மட்டுமே அதை வைத்திருந்தால் ஒக்கி போன்ற நாளில் பாதிப் பயன்கூட இருக்காது. புயல் வருவதே தெரியாதவர் யாரை அழைப்பார்? படகு கவிழ்ந்த பிறகோ, நீந்திக்கொண்டே ஆன்டெனாவை வானுக்கு நீட்டி எண்களை அழுத்துவது மனிதரால் ஆகிற காரியம் இல்லை.

அந்தக் கடைசி நிமிடத்துக்கான கருவிகள் வேறு. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியில் பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் கடலோரக் காவல்படைக்குப் போகும்; அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கு வரும். நீரில் மூழ்கினால் தானே கழன்று மிதந்து, 48 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும் இபிஐஆர்பி வகைக் கருவிகளும் உண்டு. எச்சரிக்கையைப் பெற 2019இல் வந்த ஜெமினி போன்றவை இருக்கின்றன. ஆனால் ஜெமினி ஒருவழிப்பாதை. படகிலிருந்து பதில் போகாது. மத்திய அரசு ஒரு லட்சம் படகுகளுக்குத் திட்டமிட்ட டிரான்ஸ்பாண்டர் இருவழிக் குறுஞ்செய்திக்கு இடம் தருகிறது. எல்லாப் படகுக்கும் ஒரே நொடியில் எச்சரிக்கை அனுப்ப அதுவே சிறந்தது. ஆயிரம் படகுகளை ஒவ்வொன்றாகப் போனில் அழைக்க எந்தக் கட்டுப்பாட்டு அறையாலும் முடியாது.

அப்படியானால் போன் எதற்கு? எச்சரிக்கை கிடைத்ததற்கும் காற்று வந்து மோதுவதற்கும் இடையிலான மணிநேரங்களுக்கு. வடக்கே ஓடுவதா, மேற்கே விலகுவதா, டீசல் எந்தத் துறைமுகம் வரை தாங்கும், அங்கே அனுமதிப்பார்களா என்பதையெல்லாம் ஒருவர் கேட்டு ஒருவர் பதில் சொல்லித்தான் தீர்க்க முடியும். விபத்தில் விரல் துண்டானவருக்கு மருத்துவர் கேட்கும் கேள்விகளும் குறுஞ்செய்தியில் அடங்காது. இந்த இடத்தில் போனுக்கு மாற்று இல்லை.

பாதுகாப்பு பற்றிய எதிர்ப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குக் கடல் வழியாக வந்தவர்களிடம் சாட்டிலைட் போன் இருந்தது. துரயா, இரிடியம் போன்களை அனுமதியின்றி வைத்திருப்பது இங்கே குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளே பிடிபடுகிறார்கள். வளைகுடாவில் சாதாரணமாக விற்கும் துரயாவை உறவினர் வாங்கித் தந்தார் என்பதற்காகப் படகில் ஏற்றினால், கேட்கிற அதிகாரி மீனவரா கடத்தல்காரரா என்று பார்க்க மாட்டார். ஆனால் பிஎஸ்என்எல் சேவையின் தரைநிலையம் இந்தியாவிலேயே இருக்கிறது; அழைப்புகள் அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. ஆகவே பாதுகாப்பைக் காரணம் காட்டி அதையும் எட்டாக்கனியாக்குவதில் நியாயமில்லை. தடையாக மிஞ்சுவது விலையும் விண்ணப்பத் தாள்களும்தான்.

என் தீர்ப்பு இது: எல்லாப் படகிலும் டிரான்ஸ்பாண்டரும் அபாய அறிவிப்புக் கருவியும் கட்டாயம். சாட்டிலைட் போன், சேர்ந்து தொழில் செய்யும் படகுக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு. ஒன்று மட்டும் இருந்து அந்தப் படகே சிதறிப்போனால் மொத்தக் கூட்டமும் செவிடாகிவிடும். போனில் வந்த செய்தியை வயர்லெஸ் மற்ற படகுகளுக்குக் கொண்டுபோகும். படகின் பேட்டரியில் இணைத்த தாங்கியும் மேற்கூரையில் வெளி ஆன்டெனாவும் இல்லாமல் வெறும் போனை மட்டும் மானியத்தில் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். மாதச் சந்தாவையும் அரசே ஏற்க வேண்டும். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை தடைக்காலத்தில் வருமானமில்லாத குடும்பம் சந்தாவைக் கட்டாமல் விட்டால், ஆகஸ்டில் கடலுக்குப் போகும் படகில் இணைப்பற்ற போன்தான் இருக்கும்.